காலண்டரில் வைத்த புள்ளிகள்

உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "இனிமேல் இதைச் செய்யவே மாட்டேன்" என்று மனசாரச் சபதம் செய்துவிட்டு, அன்று சாயங்காலமே அதையே மறுபடியும் செய்த அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லை என்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாராளமாகப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடலாம். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உண்டு என்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். நானும் உங்கள் கூட்டம்தான்.

நாங்கள் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். இருப்பது காரைக்குடிக்குப் பக்கத்தில் புதுவயல். ரயிலில் போகிறவர்கள் 'கண்டனூர் - புதுவயல்' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஊருக்குள் நுழையும்போதே அவித்த நெல்லின் வாசனை வந்து வரவேற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ரைஸ் மில்தான். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஒரு மில்லில் கணக்கு எழுதினார். ஆகவே அரிசியைப் பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும்; கணக்கைப் பற்றியும் கொஞ்சம் தெரியும். இந்த இரண்டும் என் பாவத்துக்கு எப்படி உதவிக்கு வந்தன என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் மதத்தில் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று உண்டு. இப்போது 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று அழகாகச் சொல்கிறார்கள். என் வாய்க்குப் பழைய பெயர்தான் வருகிறது. செய்த பாவத்தைக் குருவானவரிடம் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புப் பெறுவது அது. அதற்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். செய்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்காக மனம் வருந்த வேண்டும். இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்ய வேண்டும். குருவிடம் சொல்ல வேண்டும். அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்க்க வேண்டும். இந்த ஐந்தில் நாலு எனக்குச் சுலபமாக வரும். மூன்றாவதுதான் வீடு வந்து சேருவதற்குள் கைநழுவிப் போய்விடும்.

மாதா மாதம் முதல் வெள்ளிக்கிழமை காரைக்குடிக்குப் பஸ் ஏறுவேன். முழந்தாளிட்டு, "சாமி, கோபப்பட்டேன். கடுஞ்சொல் சொன்னேன். நாலு தடவை ஜெபம் செய்ய மறந்தேன்" என்பேன். அவர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வருவேன். பதினோரு வருஷம் இப்படியே போயிற்று. சாமியார்கள் மாற்றலாகிப் போனார்கள். புதுச் சாமியார்கள் வந்தார்கள். பாவம் மட்டும் மாறவில்லை.

பதினோரு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? என் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது!

*

என் மருமகளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லித் தீர்த்துவிட்டேன். உப்புக் கூடினால் ஒரு சொல். விளக்கேற்ற நேரமானால் ஒரு சொல். கெட்ட வார்த்தை ஒன்றும் வராது. அதைத்தான் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டிருந்தேன். "நான் என்ன, அடித்தேனா, வைதேனா? உள்ளதைத்தானே சொன்னேன்?" என்று எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடுவேன். வழக்கில் ஜெயித்தும் விடுவேன், நீதிபதியும் நானேதானே!

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுடைய தாயார் இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசைக்கு எல்லோரும் போய்விட்டுத் திரும்பினோம். அன்றைக்கு நானும் நன்மை வாங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் சொன்னேன்: "உன் அம்மா உன்னை இப்படித்தான் வளர்த்து வைத்தாளா?"

பதினோரு வருஷத்தில் இதே வாக்கியத்தை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். வாய் பழகிப்போன வாக்கியம். அன்றைக்கு அது போய் விழுந்த இடம் வேறு.

அவள் அழவில்லை, பதிலும் சொல்லவில்லை. கரித்துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். அன்று முதல் என்னை 'அத்தை' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்குச் சோறு வந்தது, மாத்திரை வந்தது, வெந்நீர் வந்தது. எல்லாம் என் பேத்தியின் வாய்வழியாகத்தான் வந்தது. "அப்பத்தா, அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடறாங்க." எட்டு வயதுக் குழந்தை, இரண்டு பெரிய மனுஷிகளுக்கு நடுவே தபால்காரி மாதிரி நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அந்தக் குழந்தை தன் பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு, "உன் அம்மா உன்னை இப்படித்தான் வளர்த்தாளா?" என்று கேட்டது. குரல், இழுப்பு, தலையாட்டல் எல்லாம் அப்படியே என்னுடையது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் போன பிறகும் என் பாவம் இந்த வீட்டில் இருக்கும் போலிருக்கிறதே என்று பயம் வந்துவிட்டது.

*

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறவர்களுக்கு இரண்டு தவறான வழிகள் திறந்திருக்கின்றன. இரண்டிலும் நான் போய் வந்திருக்கிறேன்.

ஒன்று, "என் சுபாவமே இப்படித்தான், என்ன செய்ய?" என்று கைகழுவி விடுவது. மற்றொன்று, "என்னைப் போல் பாவி உண்டா?" என்று தன்னையே அரித்துக்கொண்டிருப்பது. பின்னது பக்தி மாதிரித் தோன்றும். ஆனால் அதிலும் ஆபத்து உண்டு. மார்ட்டின் லூத்தர், பிராட்டஸ்டண்டு சபைகளுக்கு வழி திறந்தவர், வாலிபத்தில் ஜெர்மனியில் எர்ஃபுர்ட் நகரத்து மடத்தில் துறவியாக இருந்தார். அப்போது மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்வாராம். எழுந்து போன பிறகு விட்டுப்போனது நினைவுக்கு வந்து திரும்பவும் ஓடி வருவாராம். கேட்கிற குருவே களைத்துப் போய்விடுவார். எவ்வளவு சொன்னாலும் மனசு ஆறாத அந்தத் தவிப்புதான் பிறகு அவரைக் கடவுளின் கிருபையைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வைத்தது.

நான் லூத்தர் இல்லை. மூன்று மாதம் கோவிலுக்குப் போகாமல் இருந்துவிட்டேன், அவ்வளவுதான். "அதே பாவத்தை எந்த முகத்தோடு மறுபடி சொல்வது?" என்று வெட்கம். இந்த வெட்கம் நல்ல வெட்கம் போல இருந்தாலும், அதற்குள்ளே கர்வம் ஒளிந்திருந்தது என்று பின்னால்தான் புரிந்தது. நான் இத்தனை மோசமானவளாக இருக்கக் கூடாது என்ற கர்வம்!

தவக்காலத்தில் காரைக்குடியில் மூன்று நாள் ஞான ஒடுக்கம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து வயோதிகர் ஒருவர், சேசு சபைக் குரு, பிரசங்கத்துக்கு வந்திருந்தார். தெரியாத சாமியார் என்ற தைரியத்தில் அவரிடம் போய் முழந்தாளிட்டேன். "கோபப்பட்டேன், சாமி" என்று ஆரம்பித்தேன்.

"யாரிடம், அம்மா?" என்றார்.

பதினோரு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஏன் பொய் சொல்ல வேண்டும், கேட்க முடியாதபடி நான்தான் அவசரமாக முடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். "மருமகளிடம்" என்றேன்.

"எப்போது? என்ன வார்த்தை சொன்னீர்கள்?"

சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தனை நாள் தெருப் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். இன்றைக்குத்தான் வீட்டு இலக்கம் சொல்லியிருக்கிறீர்கள். இனிமேல் வழி கண்டுபிடிக்கலாம்" என்றார்.

*

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த வழி அவருடையது அல்ல. சேசு சபையை ஏற்படுத்திய அர்ச்சியசிஷ்ட இஞ்ஞாசியாருடையது. ஸ்பெயின் தேசத்துப் போர்வீரர் அவர். 1521-ல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பியவர். அவர் எழுதிய 'ஞானப் பயிற்சிகள்' 1548-ல் அச்சாயிற்று. அதில் இந்த முறை இருக்கிறது. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுக் கணக்கு நோட்டு மாதிரித்தான்.

எல்லாப் பாவத்தையும் ஒரே நாளில் ஒழித்துவிடப் புறப்படக் கூடாது. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்தவுடன், "இன்று இதில் ஜாக்கிரதையாக இருப்பேன்" என்று தீர்மானம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எழுந்தது முதல் மணிவாரியாக யோசித்துப் பார்த்து, எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் அப்படியே இரண்டாவது கோட்டில் புள்ளி. பிறகு முதல் கோட்டையும் இரண்டாம் கோட்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். நேற்றையும் இன்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். விழுந்த அந்தக் கணத்திலேயே நெஞ்சில் கையை வைத்து வருந்த வேண்டும். நாலு பேர் நடுவில் இருந்தாலும் இதைச் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

அந்தப் புத்தகத்தில் வாரத்தின் ஏழு நாளுக்கும் கோடு போட்டுக் காட்டியிருக்கிறதாம். முதல் நாளின் கோடு நீளம். போகப் போகக் குட்டை. புள்ளிகள் குறையும் என்ற நம்பிக்கையை அந்தக் கோட்டிலேயே வரைந்து வைத்திருக்கிறார் பாருங்கள்!

"புள்ளி வைப்பது உங்களைத் தண்டிக்க அல்ல, அம்மா. கள்வன் எந்த நேரத்தில், எந்த வாசலால் வருகிறான் என்று பார்க்கத்தான்" என்றார் அந்தச் சாமியார். "மருமகளிடம் மன்னிப்புக் கேட்பதுதான் உங்களுக்கு அபராதம். ஆனால் அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு மாதம் புள்ளி வையுங்கள். என்னவென்று தெரிந்துகொண்டு கேளுங்கள்."

எங்கள் அடுப்படியில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. தேதிக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தின் மேல் பாதியில் காலைப் புள்ளி, கீழ்ப் பாதியில் மாலைப் புள்ளி என்று வைக்க ஆரம்பித்தேன். முதல் நாள் ஒன்பது. நான் நாலைந்து இருக்கும் என்று நினைத்திருந்தேன்! இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் பதினொன்று. கணக்கெழுதியவர் மனைவி அல்லவா? புள்ளிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மணியையும் குறித்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் உட்கார்ந்து பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது. காலையில் அநேகமாகப் புள்ளியே இல்லை. பெரும்பாலும் சாயங்காலம் நாலரை மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்தான். அந்த நேரத்தில் வீட்டில் அப்படி என்ன நடக்கிறது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒருநாள் பளிச்சென்று தெரிந்தது.

என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே ஏழரைக்கு அவன் வேலை முடித்துவிட்டு வரும்போது இங்கே ஐந்து மணி. தினமும் அப்போதுதான் அவன் கூப்பிடுவான். கைபேசி மருமகளிடம் இருக்கும். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கால் மணி நேரம், அரை மணி நேரம் பேசுவாள். சிரிப்பாள். பிறகு குழந்தை பேசும். கடைசியில், "அத்தைகிட்ட கொடுக்கிறேன்" என்று கொண்டுவந்து என்னிடம் கொடுப்பாள். அவன், "அம்மா, மாத்திரை சாப்பிட்டீங்களா? சரி, வச்சிடறேன்" என்பான். இரண்டு நிமிஷம்.

நாலரை மணிக்கே என் மனசு படிக்கட்டில் போய்க் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறது. பால் பொங்கினதோ உப்புக் கூடினதோ அதற்குப் பிறகு கிடைக்கிற சாக்கு.

எங்கள் ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு. அகங்காரம், கோபம், மோகம், லோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். பதினோரு வருஷமாக நான் 'கோபம்' என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது கோபமே அல்ல, காய்மகாரம்! பொறாமை என்று இப்போது சொல்கிறோமே, அதுதான். காய்ச்சலுக்குத் தலைவலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படிக் குணமாகும்?

இதைத் தெரிந்துகொண்ட பிறகு செய்த முதல் காரியம் மிகவும் சாதாரணமானது. மகனிடம், "ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் முதலில் என்னிடம் பேசு" என்று கேட்டேன். "இதை ஏம்மா முன்னாலேயே சொல்லலை?" என்றான். மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விடுகிறேன். பக்தி என்று நினைக்காதீர்கள், தப்பித்து ஓடுவதுதான். சில பாவங்களை எதிர்த்து நின்று ஜெயிக்க முடியாது. அது வருகிற நேரத்தில் வேறு இடத்தில் இருந்துவிட வேண்டும்.

*

மன்னிப்புக் கேட்பது பாக்கி இருந்தது. வாய் வரவில்லை. அந்த வருஷம் நாங்கள் ஓரியூருக்குப் போனோம்.

தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் வரும் சிறு கிராமம் அது. போர்ச்சுகல் தேசத்து லிஸ்பன் நகரில் 1647-ல் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, இந்த மறவர் சீமைக்கு வந்து அருளானந்தர் என்று தமிழ்ப் பெயரோடு வாழ்ந்த குருவை 1693 பிப்ரவரி 4-ந் தேதி சிரச்சேதம் செய்த இடம். அங்கே மணல் சிவப்பாக இருக்கும். அவருடைய ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பி, ஜனங்கள் ஒரு பிடி முடிந்து எடுத்துப் போவார்கள். 1947-ல் ரோமாபுரியில் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுத்தார்கள்.

அவர் உயிர் போனதற்குக் காரணம் ஒருவருடைய மனந்திரும்புதல் என்பது உங்களுக்குத் தெரியுமா? தடியத்தேவர் என்ற சிற்றரசர் கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்கு மனைவிமார் பலர். ஒருத்தியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்து, மூத்தவளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் கிழவன் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அவள் போய் முறையிட்டாள். அதன் பிறகுதான் சிறையும் சாவும்.

சின்ன வயது முதல் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்தப் பெண்ணை நான் பொல்லாதவள் என்றே நினைத்திருந்தேன். இந்தத் தடவை அந்தச் சிவப்பு மணலில் உட்கார்ந்திருந்தபோது வேறு மாதிரி தோன்றியது. தேவர் மனம் திரும்பினார், சரி. அதில் ஒரு பங்கு விலையைக் கொடுத்தவள் அவள் அல்லவா? அவளை யாராவது கேட்டார்களா? குருவைக் கொல்லச் செய்தது பெரும் பாவம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணாக அவளுடைய இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் எழுந்து வர முடியவில்லை.

அப்போதுதான் என் மருமகள் விஷயமும் புரிந்தது. "மன்னித்துவிடு" என்று நான் சொன்னவுடன் அவள் உருகிவிட வேண்டும், 'அத்தை' என்று கட்டிக்கொள்ள வேண்டும், என் மனசு லேசாக வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதாவது, பாவம் செய்தது நான். அதற்குச் சிரமப்பட வேண்டியது அவள்! அப்படியானால் அது மன்னிப்புக் கேட்பதல்ல. இன்னொரு வேலை ஏவுவது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள், அவள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். "அன்றைக்கு உன் அம்மாவைப் பற்றிச் சொன்னது தப்பு. உன் அம்மா உன்னை நன்றாகத்தான் வளர்த்தாள். நான் உன் மேல் பொறாமைப்பட்டேன், அதுதான் விஷயம். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நான்தானே சொன்னேன்! ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அதற்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

*

பத்து நாள் கழித்து, காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னிடம் நேராகக் கேட்டாள்: "இது என்ன புள்ளி? பால் கணக்கா?"

'ஆமாம், பால் கணக்குத்தான்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டேன். "இல்லை. உன்னைக் கடிந்து சொன்ன கணக்கு" என்றேன். அவள் நம்பாதவள் போல் பார்த்தாள். தேதி தேதியாக விரல் வைத்துக்கொண்டே வந்தாள். நேற்றைய கட்டத்தில் மூன்று புள்ளி இருந்தது. அங்கே வந்ததும் நிறுத்தினாள்.

"நேத்து மூணு இல்லை, அத்தை. நாலு" என்றாள்.

நான் பேனாவை எடுத்து நாலாவது புள்ளியை வைத்தேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னை 'அத்தை' என்று கூப்பிட்டதை அவள் கவனித்தாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் கவனித்தேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் இது கதை இல்லையே! இன்றைக்கும் புள்ளிகள் இருக்கின்றன. போன வாரம் ஒருநாள் ஆறு புள்ளி. என் மகன் மூன்று நாளாகக் கூப்பிடவில்லை. அதுதான் காரணம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிவதற்கும் தெரியாததற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பெரிய மகான்களுக்கும் இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. தான் வெறுப்பதையே தன்னையறியாமல் செய்துவிடுவதாகச் சின்னப்பர் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் புலம்பியிருக்கிறார். அர்ச்சியசிஷ்ட அகுஸ்தீனார் வாலிபத்தில், தன்னைத் திருத்தும்படி கடவுளை வேண்டிக்கொண்டே, எங்கே உடனே திருத்திவிடப் போகிறாரோ என்று பயந்ததாகவும் எழுதியிருக்கிறார்! 386-ல் மிலான் நகரில் அவர் மனம் திரும்பும் வரை அழுது ஜெபித்தவர் அவருடைய தாயார் மோனிக்கம்மாள். அந்த அம்மாளுக்கும் ஒரு கதை உண்டு. சிறுமியாக இருந்தபோது பீப்பாயிலிருந்து திராட்சரசம் எடுத்துவர அனுப்புவார்களாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பிப் பார்த்து, கடைசியில் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிற பழக்கமே வந்துவிட்டது. ஒருநாள் வேலைக்காரப் பெண் சண்டையில் அவளைக் குடிகாரி என்று இடித்துக் காட்டினாள். அன்றோடு விட்டுவிட்டாளாம். மகனே இதை எழுதி வைத்திருக்கிறார். நம் குற்றத்தை நமக்குச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை, ஆங்கிலத்தில் பனியன் எழுதிய யாத்திரைக் கதையைத் தழுவி 1894-ல் 'இரட்சணிய யாத்திரிக'த்தை வெளியிட்டார். பனியன் கதையில் முதுகில் பாவ மூட்டையோடு புறப்படுகிற யாத்திரிகனுக்குச் சிலுவையடியில் அந்த மூட்டை கழன்று விழுந்துவிடுகிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பாதைதான் அதற்குப் பிறகு நீளமாக இருக்கிறது. மன்னிப்பு வேறு, பழக்கம் மாறுவது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு எச்சரிக்கை சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். என் பாவம் நாக்கில் இருந்தது. புள்ளியும் திண்ணையும் போதும். சிலருக்குக் குடி போன்ற பழக்கம் இருக்கும். அது பாவம் மட்டுமல்ல, வியாதியும் கூட. அதற்கு ஜெபத்தோடு வைத்தியரும் வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் குடியை விட நினைத்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் துணையாக ஆரம்பித்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கம் நம் தமிழ்நாட்டிலும் கூடுகிறது. வெட்கப்படாமல் போக வேண்டும்.

மற்றொன்று. ராயப்பர் எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, சேசுநாதர் ஏழெழுபது தடவை என்று கணக்கில்லாமல் சொன்னார் அல்லவா? அந்த வசனத்தை அடிபடுகிற பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கை நீட்டுகிறவனுக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் அவன் கைக்கு எட்டாத இடத்துக்கு அவள் போவது பாவமல்ல. புள்ளி வைக்க வேண்டியவன் அவன்.

சகோதரிகளே, நேற்றுக் கல் பொறுக்கினோம் என்று இன்றைக்குக் கல் பொறுக்காமல் யாராவது சோறு வடிப்போமா? 'இந்த அரிசியில் தினமும் கல் வருகிறது' என்று மூட்டையோடு தெருவில் கொட்டிவிடவும் மாட்டோம். நிழல் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, முறத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொறுக்குகிறோம். ரைஸ் மில்லில் எத்தனை இயந்திரம் வைத்துச் சலித்தாலும் வீட்டில் முறத்துக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

மணி நாலரை ஆகப் போகிறது. ஜெபமாலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடி எடுத்துக்கொண்டு நான் திண்ணைக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு காலண்டர் தொங்கும். நாளைக்குப் பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்களேன்!